அவளுக்குப் பதிலாக மண்டியிடுபவள்

காலையில் எழுந்ததும் ஜெயப்பிரகாஷ் மோட்டார் போடுவான். தொட்டி நிரம்பி வழிவதற்குள் பல் விளக்கி, பால் காய்ச்சிவிடுவான். பாலில் கேழ்வரகு மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டு ஒரு டம்ளர் குடிப்பான். டீ கிடையாது, காப்பி கிடையாது. அவனுடைய சபையில் இரண்டும் விலக்கு. குக்கரில் ஒரு ஆளுக்குச் சோறு. முந்தின நாள் குழம்பு. டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டுச் சட்டை போடுவான். கட்டிலோரம் மண்டியிடுவான்.

அவன் மண்டியிட்ட கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் சொடக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அவன் மனைவி சோபனாவின் வலது முட்டி. மடக்கும்போதெல்லாம் அப்படித்தான் சொடக்குப் போடும். அவள் செத்து ஒரு வருஷம் திரும்பிவிட்டது.

பிறகு பையை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போவான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சோதனைக்கூடத்தில் அவனுக்கு வேலை. எவ்வளவு இழுத்தால் தோல் கிழியும், எவ்வளவு தேய்த்தால் சாயம் விடும் என்று பார்த்துச் சொல்வது. வேதியியல் படித்தவன். அவனோடு அதே மேஜையில் வேலை செய்யும் நயீம் அகமதுவுக்கு அவன் டீ குடிக்காதது பல வருஷத்துக் கேலி.

அவனுடைய சபையை ஊரார் மார்மன் சபை என்பார்கள். வேலூரில் அவர்கள் கொஞ்சம் குடும்பங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு மாடி ஹாலில் கூடுவார்கள். மற்ற கிறிஸ்தவர்கள் மரணம் பிரிக்கும்வரை என்று சொல்லிக் கல்யாணம் செய்கிறார்கள். இவர்கள் மரணத்தோடு விடுவதில்லை. சபையின் ஆலயத்துக்குப் போய் அதற்கான சடங்கில் முத்திரிக்கப்பட்டுவிட்டால் மறுமையிலும் அவர்கள் புருஷன் பெண்டாட்டிதான். பெங்களூரில் ஆலயம் கட்டத் தொடங்கியபோதே, திறந்ததும் போய்விடலாம் என்று ஜெயப்பிரகாஷும் சோபனாவும் சொல்லிவைத்திருந்தார்கள். அதற்குள் ஒரு பனிக்காலக் காலையில், பள்ளிகொண்டாவில் தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் போனவளை, நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி அடித்துவிட்டது.

செத்தவர்களுக்கும் வழி உண்டு. செத்தவளுக்குப் பதிலாக உயிரோடிருக்கும் ஒரு சகோதரி ஆலயத்தில் மண்டியிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லவேண்டிய 'ஆம்' என்பதைச் சொல்லலாம். சபையின் வேலூர்க் கிளைத் தலைவர் சம்பத் இதை அவனிடம் சொல்லிவைத்திருந்தார். அவர் மனைவி அமிர்தவள்ளிதான் மண்டியிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். ஆலயம் திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. இந்தச் சனிக்கிழமை அவன் பதில் சொல்லவேண்டும். சரி என்று சொன்னால் ஆலயத்துக்குப் பெயர் எழுதி அனுப்பிவிடுவார்கள்.

நயீமிடம் இதை ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. நயீம் தோல் துண்டை இயந்திரத்தில் மாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான். மேலேயும் விடமாட்டீர்களா என்று முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"எல்லாம் சரி தோஸ்த். உன் வீட்டம்மா ஒத்துக்கணுமே."

ஜெயப்பிரகாஷ் அளவைக் குறித்துக்கொண்டான். துண்டு கிழிந்தது.

அவர்கள் வீட்டில் சண்டையே கிடையாது என்று சபையில் பேர். சம்பத் மேடையிலேயே சொல்லியிருக்கிறார். விசுவாசமுள்ள வீட்டுக்குள் சச்சரவு நுழையாது, சகோதரர் ஜெயப்பிரகாஷின் வீட்டைப் பாருங்கள் என்று. பக்கத்து வீட்டு தில்ஷாத்தும் அதையேதான் சொல்வாள். உங்க வீட்ல ஆளு இருக்கறதே தெரியலையே என்பாள்.

அது பொய்யில்லை. சத்தம் இருந்ததில்லை. தினமும் காலையில் இருவரும் சேர்ந்து மண்டியிடுவார்கள். ஒரு நாள் அவன் ஜெபிப்பான், மறுநாள் அவள். கல்யாணமான புதிதில் அது ஜெபமாகத்தான் இருந்தது. பிறகு என்றைக்கோ ஒரு நாள், குழம்பில் உப்பு ஜாஸ்தியான விஷயம் அதில் நுழைந்தது. பரலோகப் பிதாவே, சோபனாவுக்கு நிதானத்தைத் தாரும் என்றான் அவன். மறுநாள் அவள் முறை. பரலோகப் பிதாவே, கிடைத்ததற்கு நன்றி சொல்லும் மனதை இவருக்குத் தாரும் என்றாள். எழுந்ததும் இருவரும் சிரித்தார்கள். சிரித்ததால் அது தொடர்ந்தது. அவனுடைய அம்மா வந்து தங்கியது, அவளுடைய தங்கை கல்யாணத்துக்கு அவன் லீவு போடாதது எல்லாம் அந்த வழியாகவே போய்வந்தன. கண்ணை மூடிக்கொண்டு, பிரசங்கத் தமிழில், ஒருவரையொருவர் குத்தினார்கள். கடைசியில் இருவரும் ஆமென் சொல்வார்கள். ஆமென் சொன்னபிறகு அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. சண்டை போடாத வீடு என்று அவனும் நம்பினான்.

பிள்ளை இல்லாத விஷயம் மட்டும் அதில் அடங்கவில்லை. சோபனா எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. இனி அவன் வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் ஒருமுறை நேராகக் கேட்டாள். உபவாசமிருந்து கேட்போம் என்றான். இருந்தார்கள். மறுபடி கேட்டாள். ஏற்ற காலத்தில் நடக்கும் என்றான். அதற்குப் பிறகு அவளுடைய முறை வந்த நாட்களில் ஜெபம் சுருங்கிக்கொண்டே வந்தது. சாப்பாட்டுக்கு நன்றி, ஆமென். அவ்வளவுதான்.

இப்போதும் ஒருநாள் விட்டு ஒருநாள் அவள் முறை வருகிறது. அந்த நாட்களில் அவன் மண்டியிட்டுச் சும்மா இருக்கிறான். சொடக்குச் சத்தம் கேட்கிறது. அதற்கப்புறம் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் பக்கத்தில் யாரோ பேச வாயெடுத்து அடக்கிக்கொள்வதுபோல இருக்கிறது. பஸ்ஸின் ஹாரன் கேட்கும்வரை அவன் எழுவதில்லை.

சனிக்கிழமை லாங் பஜாரில் தள்ளுவண்டிகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்துச் சம்பத்தின் இரும்புச் சாமான் கடைக்குப் போனான். கடைக்குள் நுழையும்போதே அமிர்தவள்ளியின் குரல் கேட்டது. ஆணி மூட்டையைக் காலில் இடிக்கிற இடத்தில் வைத்தது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வைத்தவர் எதிரில்தான் நின்றிருந்தார்.

"மேடையில சமாதானம், வீட்ல இது," என்றாள் ஜெயப்பிரகாஷைப் பார்த்து. "உக்காரு தம்பி. இவர இன்னும் கொஞ்சம் பேசிட்டு வர்றேன்."

சம்பத் அசடு வழிந்தார். கோபத்தை வெளியே கொட்டிவிட்டால் அவள் தங்கம் என்றார். பிறகு அவன் தோளில் கை வைத்து, ஆலயத்தில் நடப்பதைக் கட்டாயமாக எண்ணவேண்டாம் என்று பொறுமையாக விளக்கினார். இங்கே செய்வதை அங்கே இருப்பவர் ஏற்றுக்கொள்ளலாம், மறுக்கவும் செய்யலாம். அது அவரவர் விருப்பம். சோபனா மறுக்கமாட்டாள். அப்படி ஒரு வீடு. நாளைக்கு அவன் மேடையேறி அதைப் பற்றி நாலு வார்த்தை பேசினால் இளம் தம்பதிகளுக்கு நல்லது.

வாசலில் சரக்கு வண்டி வந்து நின்றது. சம்பத் இறங்கிப் போனார்.

அமிர்தவள்ளி முக்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். சபையில் சோபனாவின் கடைசி வார்த்தையைப் பற்றிப் பல கதை உண்டு என்றாள். ஜெபம் பண்ணி முடித்துவிட்டுப் போனாள் என்று ஒருத்தி சொல்கிறாளாம். நித்தியத்திலும் சேர்ந்திருப்போம் என்று சொல்லிவிட்டுப் போனதாக இன்னொருத்தி. அவன் எதையும் சொன்னதில்லை. மறுத்ததும் இல்லை.

"நான் அவளுக்குப் பதிலா முட்டி போடணும் தம்பி. அவ வாயால சொல்லவேண்டியத நான் சொல்லணும். பொய் சொன்னா எனக்கு ஒட்டாது. அவ இன்னா சொல்லிட்டுப் போனா?"

வெளியே இரும்புக் கம்பிகளை இறக்கிப் போடும் சத்தம்.

"வேணாங்க்கா," என்றான். "பேரு எழுத வேணாம். நாளைக்கு நான் பேசவும் மாட்டேன். அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

அமிர்தவள்ளி ஏன் என்று கேட்கவில்லை. அப்புறம் அவன் சொன்னான். சரளமாகச் சொல்ல வரவில்லை. பொருளை இடம் மாற்றி வைப்பதுபோல ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து வைத்தான்.

அன்று காலை சோபனா புடவை கட்டி முடித்திருந்தாள். நாளைக்கு லீவு போடுங்கள், இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். அன்றைக்கு அவன் முறை. மண்டியிட்டான். அவள் மண்டியிடவில்லை, எதிரில் நின்றாள். அது அவனுக்குத் தெரிந்தது. இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு, பரலோகப் பிதாவே, சோபனாவின் அவசரத்தைத் தணியும், அவள் நம்பிக்கையைப் பெருகப் பண்ணும் என்று ஆரம்பித்தான். நடுவில் அவள் பேசினாள். ஜெபத்தின் நடுவில் கண் திறக்கக்கூடாது. அப்படித்தான் அவன் பழகியிருந்தான். முகத்தைத் தூக்காமல் மீதியைச் சொல்லி முடித்தான். அவன் ஆமென் சொன்னபோது ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் முகம் எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. குரல் மட்டும் தெரியும். கோபமாகக்கூட இல்லை.

"கண்ணத் தொறங்க. நான் பரலோகப் பிதாகிட்ட கேக்கல, உங்ககிட்டதான் கேட்டேன்."