முந்நூறு கார்டுக் கட்டு

லிஃப்ட்காரன் தன் மனைவியைப் பார்த்து மூன்று தடவை சிரித்தான். மூன்றுக்கும் சேர்த்து அவள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதில் சொல்லிவிட்டாள்.

வாரத்தில் ஆறு நாள், அடுக்குமாடிகளில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்ட்டுகளை ஓட வைப்பது அவன் பிழைப்பு. ஏழாவது நாள், கார்டுக் கடையின் மாடி ஹாலில் ‘கோட்டை’ ஆடுவது உயிர். ஆட்டம் தெரியாதவர்களுக்கு இங்கேயே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவனைச் சொல்லவிட்டால் பொழுது போய்விடும். ஆளுக்கு ஒரு கார்டுக் கட்டு. அதுதான் உங்கள் கோட்டை. உங்கள் முறை வரும்போது மேலிருந்து ஒரு கார்டு எடுத்து ஆட வேண்டும். எதிராளி அடித்தால், அடிக்குத் தக்கபடி உங்கள் கட்டின் மேலிருந்து ஒன்றோ ஐந்தோ பத்தோ கார்டுகள் ‘எரிந்து’ ஓரமாகப் போய்விடும். கட்டு தீர்ந்தால் தோல்வி. கட்டில் ஐம்பது கார்டுக்குக் குறையக் கூடாது. ஒரே கார்டு நாலுக்கு மேல் இருக்கக் கூடாது. ஐம்பதுக்கு மேல் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் புத்தியுள்ளவன் எவனும் ஒன்றைக்கூடக் கூட்டமாட்டான். கட்டு பெருத்தால் வேண்டிய கார்டு வேண்டிய நேரத்தில் கைக்கு வராது.

லிஃப்ட்காரனின் கட்டில் மூன்று தலை நாகம் இருந்தது. அதை எழுப்ப மணி வேண்டும், மணியை அடிக்க மந்திரவாதி வேண்டும். மூன்றும் சேர்ந்துவிட்டால் ஒரே அடியில் பத்து கார்டு சாம்பல். வெளிநாட்டில் நடக்கும் பெரிய போட்டிக்கு இந்தக் கடையிலிருந்து நாலு பேர் போவார்கள். இந்த வருடம் மூன்று இடம் நிரம்பிவிட்டது. மிச்சம் ஒன்று, அது ஹாலில் நடக்கும் தேர்வுப் போட்டியில் ஜெயிப்பவருக்கு. ஆறு வருடமாக அந்த இடம் அவன் கைக்கு எட்டி எட்டி நழுவியிருக்கிறது. போன வருடம் ஒரே ஒரு கார்டில் போயிற்று. அன்று வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான், மறுநாள் வேலைக்கும் போகவில்லை.

அவன் மனைவி அச்சகத்தில் பைண்டிங் பகுதியின் மேற்பார்வையாளர். பதினைந்து வருடமாக அவள் கையில் புரளாத காகிதம் இல்லை. பயிற்சிக்கு ஆள் கிடைக்காத நாட்களில் அவளை எதிரே உட்கார வைத்து ஆடுவான். அவளும் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டே ஆடித் தோற்பாள்.

ஒரு நாள் அவள் கேட்டாள்: “கட்டிலுக்கு அடியில இருக்கற பெட்டியெல்லாம் நான் எடுத்துக்கட்டுமா?”

“அது குப்பைம்மா. எட்டு வருஷமா நான் கழிச்சுப் போட்ட கார்டு.”

“பரவாயில்ல. நானும் ஒரு கட்டு கட்டிப் பாக்கறேனே.”

அப்போது முதல் தடவை சிரித்தான். “எடுத்துக்கோ, எடமாவது காலியாகும்” என்றான். கார்டுகளுக்குப் போடும் கறுப்பு உறைகளையும் தாராளமாகத் தூக்கிக் கொடுத்தான்.

தேர்வுப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சாப்பாட்டு மேஜையில் ஒரு சாண் உயரத்துக்கு ஏதோ நின்றது. கிட்டே போய்ப் பார்த்தான். கார்டு.

“எத்தனை?”

“முந்நூறு.”

சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறிவிட்டது. “ஏம்மா, இது கட்டா, இல்ல உங்க அச்சகத்துல மிச்சமான புஸ்தகமா? நல்ல கார்டு ஒண்ணு வேணும்னா உனக்கு அடுத்த மாசம்தான் கைக்கு வரும்!”

அவள் அவன் தலையில் தட்டி, தண்ணீரையும் நீட்டினாள். “எனக்கு நல்ல கார்டே வேணாமே. உங்க கட்டுல ஒருத்தர் வந்தாத்தான் இன்னொருத்தர் எந்திரிப்பார், கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி. எங்க செக்‌ஷன்ல தினம் ரெண்டு பேர் லீவு. யார் யார்னு காலைல போனாத்தான் தெரியும். யார் வந்தாலும் வேலை நடக்கற மாதிரிதான் நான் ஆள் போடுவேன். இதுவும் அப்படித்தான்.”

“நடக்கும், நடக்கும்” என்று சொல்லிவிட்டு அவன் தன் நாகத்திடம் போய்விட்டான். அவள் சொன்னதில் பாதி அவன் காதில் ஏறவே இல்லை.

போட்டி நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஹாலில் முப்பத்திரண்டு பேர், அதில் அவளும் ஒருத்தி. பதிவு மேஜையில் அவள் கட்டைத் தூக்கி வைத்ததும் மருந்துக்கடைக்காரன் கையைத் தட்டினான். போன வருடம் லிஃப்ட்காரனை ஒரு கார்டில் கவிழ்த்த மகராசன் அவன்தான். “என்னக்கா, செங்கல்லோட வந்திருக்கீங்க! கடைக்கு மேல இன்னொரு மாடி எழுப்பப் போறீங்களா?”

ஹாலே சிரித்தது. லிஃப்ட்காரனும் கூடச் சேர்ந்து சிரித்தான். முதல் இரண்டு சிரிப்பை மன்னிக்கலாம், வீட்டுக்குள் நடந்தது. இது அப்படி இல்லை. அவள் ஒரே ஒரு தடவை திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் பாவலா செய்தான்.

நடுவர் ஒரு கணக்கு டீச்சர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. “விதியில எடம் இருக்கும்மா, தப்பில்ல. ஆனா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி உன் கட்டை நீயேதான் கலைக்கணும். யாரும் கை குடுக்கக் கூடாது. ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள முடியலன்னா அந்த ஆட்டம் போச்சு.”

ஐம்பது கார்டைக் கலைக்கவே சிலர் நாக்கைக் கடித்துக்கொண்டு திணறுவார்கள். டீச்சர் கடிகாரத்தை அழுத்தினார்.

அவள் வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டாள். கட்டை ஆறாகப் பிரித்தாள். எப்படிப் பிரித்தாள் என்று யாரும் பார்க்கவில்லை, பார்த்தபோது ஆறாக இருந்தது. இரண்டு கட்டுகளை விளிம்போடு விளிம்பு வைத்து லேசாக அமுக்கினாள். ஒன்றுக்குள் ஒன்று சரசரவென்று இறங்கிப் பின்னிக்கொண்டது. மேஜையில் ஒரு தட்டு, பக்கவாட்டில் ஒரு தட்டு, கட்டு வெட்டி வைத்ததுபோல் நேராக நின்றது. மறுபடி பிரித்தாள், மாற்றினாள், இறக்கினாள். ஒரு கார்டு துருத்தவில்லை, ஒரு கார்டு விழவில்லை. உறைகள் உரசும் ஓசை தவிர ஹாலில் சத்தம் இல்லை. கடைசியில் முந்நூறையும் ஒன்றாக்கி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்து, ஒரு தடவை வெட்டி வைக்கச் சொல்லி எதிராளியின் பக்கம் நகர்த்தினாள்.

“ஒரு நிமிஷம் நாப்பது” என்றார் டீச்சர். சொன்ன பிறகும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட்காரனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எட்டு வருடமாக அந்தக் கைகள் அவன் சட்டைக்குப் பட்டன் தைத்திருக்கின்றன, காய்ச்சலுக்கு நெற்றியில் துணி போட்டிருக்கின்றன. அம்மாடி, இது தெரியாமல் போயிற்றே! அச்சகத்துக்குள் ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருக்கிறானா? இல்லை. வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடித்ததோடு சரி.

அவள் முதல் ஆட்டத்தில் ஜெயித்தாள். அடுத்த இரண்டிலும் ஜெயித்தாள். தன் ஆட்டங்களை அவசர அவசரமாக முடித்துவிட்டு அவன் அவளுடைய மேஜைக்கு ஓடினான். அரையிறுதியில் மருந்துக்கடைக்காரன் எதிரே உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் லிஃப்ட்காரனுக்கு அந்தக் கட்டின் சூட்சுமம் பிடிபட்டது.

கோட்டையில் ‘முள்’ கார்டுகள் என்று ஒரு ரகம் உண்டு. கையிலிருந்து ஆடினால் காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை. ஆனால் கட்டில் இருக்கும்போதே அது எரிந்தால், எரித்தவருடைய கட்டிலும் ஒரு கார்டு எரியும். எல்லோரும் அதைக் குப்பையில்தான் போடுவார்கள். ஐம்பது கார்டு வைத்திருப்பவன் முள் எரியும்வரை அடி வாங்கினால், அதற்குள் அவனே செத்திருப்பான். முந்நூறு இருப்பவள் வாங்கலாமே! ஐந்தில் ஒன்று முள்ளாக வைத்திருந்தாள். மருந்துக்கடைக்காரன் பத்து பத்தாக அடித்தான், ஒவ்வொரு அடிக்கும் அவன் கட்டில் இரண்டு மூன்று உதிர்ந்தது. பயந்து அடியை நிறுத்தினால், அவளுடைய சில்லறைச் சிப்பாய்கள் வந்து ஒன்றிரண்டாகக் கடித்தன. அடித்தாலும் கரைந்தது, அடிக்காவிட்டாலும் கரைந்தது.

“அக்கா, நான் என்னதான் பண்ணட்டும்?” என்று கடைசியில் அவளையே கேட்டான் மருந்துக்கடைக்காரன்.

“அடுத்த வருஷம் பெரிய பையா கொண்டு வாங்க தம்பி” என்றாள்.

எல்லாமே அவன் கழித்துப்போட்ட கார்டுகள். எட்டு வருடம் அவற்றின் மேல்தான் கட்டிலைப் போட்டுத் தூங்கியிருக்கிறான். பயம் தட்டியது, ஏனென்றால் இறுதி ஆட்டத்தில் அவளுக்கு எதிரே உட்காரப் போவது அவன்தான்.

இடைவேளையில் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். அவளுடைய கட்டு டப்பாக்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சாப்பாட்டு டப்பாக்களை அவன் தன் பையில் எடுத்து வைத்தான்.

இறுதி ஆட்டத்துக்கு முன் கார்டுகளை எண்ணிச் சரிபார்ப்பது வழக்கம். பதிவுசெய்த எண்ணிக்கை இல்லாவிட்டால் ஆடவே முடியாது. அவள் கட்டை விசிறி மாதிரி விரித்துக் கட்டைவிரலால் ஐந்து ஐந்தாகத் தள்ளினாள். அரை நிமிடம்தான். “ஒண்ணு குறையுது டீச்சர்.”

டீச்சர் நம்பவில்லை. ஒன்று, இரண்டு என்று மேஜையில் போட்டு எண்ணினார். ஆறு நிமிடம் ஆயிற்று. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

“பத்து நிமிஷம் தர்றேன்மா. தேடிப் பாரு. கிடைக்கலன்னா...” என்று இழுத்து, லிஃப்ட்காரனைப் பார்த்தார். கிடைக்காவிட்டால் இடம் அவனுக்கு.

அவள் தன் பையைக் கொட்டினாள். நாற்காலிகளுக்கு அடியில் குனிந்தாள். மருந்துக்கடைக்காரன்கூடத் தரையில் மண்டிபோட்டுத் தேடினான். லிஃப்ட்காரன் தன் கட்டை எடுக்கப் பைக்குள் கையை விட்டான். டப்பாவின் ஈரமான அடிப்பக்கத்தில் விரல் பட்டது. வழவழவென்று ஒரு உறை, டப்பாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கையை எடுக்காமல் அப்படியே நின்றான்.

ஆறு வருடம். ஒன்றுமே செய்ய வேண்டாம். திருட வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம், பையின் வாயை மூடினால் போதும். விமானத்தில் ஜன்னலோர இருக்கை, மார்பில் பெயர் அட்டை, எல்லாம் கண்முன் வந்து போயிற்று. சே, இப்படி யோசிக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் யோசித்தான். ஆசை அவ்வளவு லேசில் விடுமா?

நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கட்டு மேஜையில் நின்றது. ஒரு சாண் உயரம், துளி கோணல் இல்லை. அதற்கு எதிரே மூன்று தலை நாகம் இறங்கினால் என்ன ஆகும்? பத்து எரிந்தால் எத்தனை முள் புரளும்? அவள் எப்போது சிப்பாயை விடுவாள்? தெரியாமல் வீட்டுக்குப் போனால் ஆயுசுக்கும் தூக்கம் வராது. அப்படி ஒரு கட்டை அவன் கண்டதில்லை, கனவிலும் கட்டியதில்லை. அதோடு ஒரு தடவை மோதிப் பார்க்காமல் வெளிநாட்டுக்குப் போய் என்ன கிழிக்கப் போகிறான்?

“இந்தா” என்றான். “டப்பா அடியில ஒட்டியிருந்துச்சு.”

அவள் வாங்கி, முந்தானையில் ஈரத்தைத் துடைத்துக் கட்டில் செருகினாள்.

பிறகு ஆடினார்கள். அவன் விட்டுக்கொடுக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆறு வருடத்து வெறியையும் இறக்கி ஆடினான். மூன்றாவது முறையிலேயே நாகம் எழுந்தது. ஹாலில் விசில் பறந்தது. பத்து எரித்தான், இன்னும் பத்து, இன்னும் பத்து. சாம்பல் மேடாகிக்கொண்டே போனது, அவள் கோட்டையோ குறைந்ததாகவே தெரியவில்லை. ஒவ்வொரு முள் புரளும்போதும் அவனுடைய கட்டிலிருந்து ஒன்று போனது. போகப் போக அவனுக்குப் பயம் போய்விட்டது. அடுத்து என்ன புரளும் என்று சின்னப் பிள்ளை மாதிரி எட்டிப் பார்க்க ஆரம்பித்தான். “அட, இதையும் வச்சிருக்கியா! இதை நான் எப்பவோ தூக்கிப் போட்டேனே!” என்று தோற்றுக்கொண்டே கத்தினான். கடைசி அடியில் மூன்று முள் புரண்டன. அப்போது அவன் கட்டில் மிச்சமிருந்ததே இரண்டுதான், அதுவும் போயிற்று.

தன் பக்கம் காலியாகிவிட்ட மேஜையைப் பார்த்தான். துக்கமும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். அதற்கு மேலே, மலை உச்சியில் முதல் தடவை ஏறி நின்றவன் மாதிரி மூச்சு முட்டியது. எழுந்து நின்று கை தட்டினான். பதிவு மேஜையில் அவளைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேரும் தட்டினார்கள்.

படியிறங்கும்போது கேட்டான்: “நான் குடுத்தேனே அந்தக் கார்டு, வந்துச்சா?”

“இல்ல. அடியில எங்கயோ கிடக்கு.”

“அடிப்பாவி! அது இல்லாமலே ஜெயிச்சிருப்பியா?”

“அது இல்லன்னா உட்காரவே விட்டிருக்க மாட்டாங்களே.” இரண்டு படி இறங்கினாள். “பைக்குள்ள கைய விட்டுட்டு அப்படியே நின்னீங்க இல்ல? நான் அப்பவே பார்த்துட்டேன்.”

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. “பார்த்தியா? அப்ப கேட்டிருக்கலாமே!”

“கேட்டா குடுத்திருப்பீங்க” என்றாள். “கேக்காம குடுக்கறீங்களான்னு பார்த்தேன். காலைல நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்க இல்ல, அதுல இருந்தே மனசு ஒரு மாதிரி இருந்துச்சு.”

மன்னிப்புக் கேட்கத் தெரியாத வாய் அவனுடையது. கையை நீட்டி அவள் தோளிலிருந்த பையைக் கேட்டான்.

“கனம்ங்க. நானே தூக்கறேன்.”

“குடு. வெளிநாடு வரைக்கும் நான்தான் தூக்கப் போறேன், இப்பவே பழகிக்கறேன்.”

பையைத் தோளில் மாட்டினான். அடேயப்பா, கனம்தான். தெருமுனை வரும்வரை அவன் அதைத் தோள் மாற்றவில்லை.