தலைச்சன் வசனம்

மொழிபெயர்ப்பாளர் எபிரெயத்திலிருந்து பெயர்த்த வேதாகம வசனத்தைப் படித்துக் காட்டி, அவர் மனைவி "ம், இப்ப சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டால், அது அந்த வீட்டில் நடந்துவிடும். பெருவெள்ள அதிகாரம் தேறிய வாரம் அந்தக் கூரைமேல் மட்டும் மழை கொட்டியது. பக்கத்து வீட்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எகிப்து அதிகாரங்களுக்கு வந்ததும் மாவுப் பாத்திரத்தில் தவளைகள் குடியேறின, வெட்டுக்கிளிகள் திரைச்சீலைகளைத் தின்று தீர்த்தன. அச்சகக்காரர் அங்கே வரும்போதெல்லாம் குடையும் துடைப்பமும் கொண்டுவரப் பழகிக்கொண்டார்.

பிறகு, தலைச்சன் பிள்ளைகளெல்லாம் சாவார்கள் என்ற வரி வந்தது. அவர்களுக்கும் ஒரு தலைச்சன் இருந்தான். தச்சுப்பட்டறையில் வேலை, தலை நிறைய மரத்தூள், எந்நேரமும் பசி. அவள் தாளை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"நல்லாயில்லீங்க. திரும்ப எழுதுங்க."

வரி அப்பழுக்கில்லாமல் இருந்தது, இருவருக்கும் அது தெரியும். அவள் தலையாட்டாத எதையும் அவர் அச்சுக்குக் கொடுத்ததில்லை. ஒரு பக்கம் தேறாமல் அடுத்ததைப் படித்ததுமில்லை. அப்படியொரு பிடிவாதம். திரும்ப எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். இளைய மகளுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தது. அச்சகக்காரருக்குத் தலை நரைத்தது. புத்தகத்தை முடிக்காமலே கண்ணை மூடிவிடுவோமோ என்ற பயம், பாவம், மொழிபெயர்ப்பாளரை அரித்தது. ஆனாலும் மகனைப் பார்த்தால் பேனாவை மூடிவைத்துவிடுவார். அவர் இருமிக்கொண்டே அதே வரியில் குனிந்திருப்பதைப் பார்த்து, ஒருநாள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாத. அடுத்த பக்கத்த மட்டும் கேளு," என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக முறை தவறிப் படித்தார்: வாசல் நிலையில் ஆட்டுக்குட்டியின் ரத்தம் பூசிய வீட்டைச் சாவு தொடாமல் கடந்துபோகும்.

"அட, என்ன மனுஷன் நீங்க! இத மொதல்லயே படிச்சிருக்கக் கூடாதா? ம், இப்ப சரியா இருக்கு."

வாசல் நிலை செக்கச்செவேலென்று நனைந்தது. தொட்டுப் பார்த்தாள், விரலில் ஒட்டியது. மகனை உள்ளே உட்காரவைத்து, அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, பழைய வரிக்கும் தலையாட்டினாள். தெருவில் சத்தம் அடங்கியது. ஏதோ ஒன்று வந்து வாசலில் நின்றது, நிலையைப் பார்த்தது, போய்விட்டது.

"அம்மா, கைய விடு, வலிக்குது. சாப்பிட என்ன இருக்கு?" என்றான் மகன். அவள் விடவில்லை. இன்னொரு கையாலேயே பரிமாறினாள்.

கடல் பிளந்த அதிகாரம் அடுத்த மாதமே தேறியது. துவைக்கிற தொட்டியில் தண்ணீர் இரண்டு சுவராக எழுந்து நின்றது. அவள் நடுவே இறங்கி, பல வருஷப் பாசியைத் தேய்த்தபடி குரல் கொடுத்தாள்:

"ஏங்க, தண்ணி திரும்பச் சேர்ற வசனத்த மெதுவாவே படிங்க. இன்னும் ஒரு மூல பாக்கி இருக்கு."