மெயினை அணைத்த பிறகு

சோலார் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை பார்ப்பவளுக்கு வீட்டில் மரியாதை கிடையாது. ஊரார் கூரையில் இருக்கும் சோலார் பலகைகளுக்கெல்லாம் புகார் எண் கொடுக்கிறவளால் தன் வீட்டுக்கு ஓர் ஆளை வரவழைக்க முடியவில்லை என்றால் யார்தான் மதிப்பார்கள்? வீட்டு சோலார் பழுதாகிப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது. "ஊழியர் வீடுன்னு முன்னாடி அனுப்பினா நாளைக்கு எனக்குத்தான் தலைவலி" என்று மேலாளர் கையை விரித்துவிட்டார்.

பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லாத வீடு அது. அம்மாவின் இன்சுலின் இருந்த ஃப்ரிட்ஜ் சோலாரை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது மருந்துக் குப்பிகள் இன்வெர்ட்டர் வைத்திருந்த பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில், அவர்களுடைய தக்காளிகளுக்கு நடுவே கிடந்தன. ஒவ்வொரு ஊசிக்கும் அம்மா அந்த வாசலில் போய் நிற்க வேண்டும். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

அப்பா நாற்பது வருட ஒயர்மேன். புதுச் சட்டை எடுத்தால் முதலில் பையின் ஆழத்தைத்தான் பார்ப்பார், டெஸ்டர் நிற்குமா என்று. தெருவில் அவருக்குப் பெயரே 'டெஸ்டர்'தான். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்த ஒயரையும் தொடமாட்டார். அதன் குட்டி விளக்கு எரியவில்லை என்றால் எந்த ஒயரையும் தொடுவார். பத்து விரலும் பத்திரமாக இருப்பது இந்த ஒழுங்கினால்தான் என்பது அவர் பெருமை.

"கூரை என்னோடது, பலகை என்னோடது. நான் தொட்டா மட்டும் வாரண்டி போயிடுமாம். நல்லாயிருக்கு கதை" என்று அன்று காலையிலும் ஆரம்பித்தார். அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே கத்தினாள்.

"அப்போ நீங்களே பண்ணிக்கோங்கப்பா! ஆளை விடுங்க."

அவர் டெஸ்டரை எடுத்துத் துடைத்தார். வாய் ஓயாத மனிதர் சும்மா இருந்தபோதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் புத்தி எப்போதும் பஸ் ஏறின பிறகுதானே வருகிறது.

மதியம் பன்னிரண்டு மணிக்கு அப்பாவிடமிருந்து போன்.

"கண்டுபிடிச்சிட்டேன்மா. பலகைக்கு அடியில ஒரு ஜாயின்ட் உருகிப் போயிருக்கு. வெட்டி முறுக்கி டேப் சுத்தினா முடிஞ்சது. இந்தப் பத்து நிமிஷ வேலைக்குப் பதினெட்டு நாளா?"

"மொட்டை மாடியிலயா இருக்கீங்க?"

"பயப்படாதே. மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஏறினேன்."

மெயினை அணைத்தால் தெருக் கம்பத்திலிருந்து வருவது நிற்கும். பலகையிலிருந்து வருவதை அது எப்படி நிறுத்தும்? வெயில் அடிக்கிறவரை எட்டுப் பலகையும் மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

"அப்பா, வெயில்ல அது சும்மாவே லைவா இருக்கும். கையை எடுங்க!"

"டெஸ்டர் வெச்சுப் பார்த்துட்டேன்மா. எரியவே இல்ல. செத்த ஒயர்."

"இந்த ஒயருக்கு உங்க டெஸ்டர் எரியாதுப்பா. இது டி.சி., வேற மாதிரி கரண்ட்!"

"நாப்பது வருஷத்துல இது என்கிட்ட பொய் சொன்னதில்ல" என்று சிரித்தார். "இரு, ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வெக்கிறேன். ரெண்டு கையும் வேணும்."

"அப்பா! அப்பா!" என்று அவள் கத்தியதில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

பட்டென்று ஒரு சத்தம். பிறகு சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்தாற்போல ஒரு சடசடப்பு. அது நிற்கவே இல்லை. பக்கத்து மேசைக்காரி விஷயம் புரிந்து, அவளிடம் விலாசத்தைக் கேட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

போனில் அம்மாவின் குரல் கேட்டது. முட்டி வலியால் ஒரு வருடமாக மாடி ஏறாதவள், எப்படி ஏறினாளோ.

"ஐயோ, ஒயரைப் பிடிச்சுக்கிட்டே கெடக்கறாரே! கை விடமாட்டேங்குதே!"

"அம்மா, கிட்டப் போகாதே! அவரைத் தொட்டா உன்னையும் பிடிச்சுக்கும். காஞ்ச கட்டை ஏதாவது எடுத்துத் தள்ளும்மா!"

"கட்டைக்கு நான் எங்கேடி போவேன்? இங்க எல்லாம் இரும்புக் குழாய்தானே இருக்கு!"

கட்டை உளுத்துப்போகும் என்று துணி காயப்போடும் கம்பைக்கூட இரும்பாக மாற்றியவர் அப்பாதான்.

"கீழ போய் எடுத்துட்டு வாம்மா. ஓடும்மா!"

"காலு வரலைடி. எழுந்திருக்க முடியலையே. பக்கத்து வீடும் பூட்டிக் கெடக்கே."

புகார்ப் பிரிவில் ஏழு வருடமாக ஆயிரம் பேருக்கு வழி சொன்னவளுக்கு, நீங்களே பண்ணிக்கோங்க என்று தான் சொன்னது மட்டும் காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது.

"அவருதான் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டாரே" என்றாள் அம்மா. அழுகையில் குரல் தேய்ந்திருந்தது. "இது எப்போடி நிக்கும்?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

"பொழுது சாயணும்மா" என்றாள்.