கற்கண்டுத் தண்ணீர்

கெலமங்கலத்தில் அந்த வருஷத்துப் பனியில் எதுவும் காயவில்லை. திம்மப்பன் கொடியில் போட்டு மறந்த கோவணத்தில் காளான் முளைத்து, அவன் பெண்சாதி அதைப் பறித்துக் குழம்பு வைத்தாள் என்பார்கள். ருசியைப் பற்றித்தான் ஊரில் இரண்டு கருத்து. முளைத்ததில் யாருக்கும் சந்தேகமில்லை.

அற்புதமேரியின் உள்பாவாடைக்கு அந்தக் கொடிகூடக் கிடையாது. ஆம்பிளைகள் கண்ணில் படக்கூடாதென்று விறகு அடுக்குக்குப் பின்னால் இருட்டில் போடுவாள். ஈரத்தோடு எடுத்து ஈரத்தோடு கட்டுவாள். போன மாதம் அடங்கிய அரிப்பு மறுபடி வந்திருந்தது. தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்பட்டது. ஒண்ணுக்குப் போனால் மிளகாய் தடவியது போல எரிந்தது. கார்பாலிக் சோப்புப் போட்டு உள்ளேவரை தேய்த்துக் கழுவினாள். கழுவக் கழுவ எரிச்சல் ஏறியது.

புருஷன் இன்னாசிமுத்துவுக்குப் பெங்களூரில் மில் வேலை. சனிக்கிழமை பஸ்ஸில் வருவான். அந்த வாரம் வந்தவன் பாயைத் தள்ளிப் போட்டுப் படுத்துக்கொண்டு, கூரையிடம் சொன்னான்:

"இது மேகநோவு. நான் குடுக்கல. அப்ப எங்கிருந்து வந்திச்சுன்னு நீயே ரோசன பண்ணு. கிறிஸ்மஸுக்குள்ள போவலன்னா மத்தூருக்கு உங்கம்மா வூட்டுக்குப் போயிடு. திரும்பி வராத."

மாமியார் சூசைமேரி மகன் பக்கம் சேரவில்லை. வினையே அங்கேதான் தொடங்கியது.

"அவன் கெடக்கறான் கண்ணு. இது ஒடம்புச் சூடு. குளுமை குடுத்தா எறங்கிடும்."

பனங்கற்கண்டு கரைத்த தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் கொடுத்தாள். அற்புதமேரிக்குத் தாகம் அடங்கவில்லை. "பாத்தியா, எம்மாஞ் சூடு!" என்று இன்னொரு கட்டியைப் போட்டாள். மருமகளின் ரவிக்கை தொளதொளத்தது. அரிப்பு மட்டும் சதை போட்டது.

அப்போதுதான் சந்தை முனை மிட்டாய்க் கடையில் எறும்பு வருவது நின்றது. கடைக்காரர் தம் ஜிலேபி மேலேயே சந்தேகப்பட்டு ஒரு தட்டு தின்று பார்த்தார். எறும்புகள் தெருவைத் தாண்டி, அற்புதமேரி வீட்டுக் குளியல் மறைப்பின் மூலைக்குச் சாரை சாரையாய்ப் போய்க்கொண்டிருந்தன. மாதா சப்பரத்துக்குப் பின்னால்கூட ஊர் அத்தனை ஒழுங்காக நடந்ததில்லை.

"ஏண்டி மேரி, அங்க ஒண்ணுக்குப் போறியா, பாகு காச்சறியா?" என்றாள் பக்கத்து வீட்டு மாரம்மா. "எல்லாம் எங்கூட்டு வழியாத்தான் போவுது. சுங்கம் கட்டிட்டுப் போவச் சொல்லு!"

மறைப்புக்குள் நின்று அற்புதமேரி சத்தமில்லாமல் அழுதாள்.

கிறிஸ்மஸ் நெருங்கியது. குளுமையும் பலிக்காமல் போகவே, சூசைமேரி அவளைக் கிருஷ்ணகிரிக்கு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாமியாரே எல்லாம் சொன்னாள். கடைசியில், "எறும்பு மொய்க்குதுன்னு ஊரே நக்கல் பண்ணுதுங்க டாக்டரம்மா" என்றதும் டாக்டர் பேனாவை மூடினார்.

நீல மருந்தில் சிறுநீரை விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார்கள். செங்கல் நிறமாகித் திரண்டது.

"இது மேகம் இல்லம்மா. யார்கிட்டயும் போய் வாங்கினதும் இல்ல. பூஞ்சை. உடம்புல சர்க்கரை ஏறியிருக்கு. அதனாலதான் போயிப் போயித் திரும்ப வருது. ஊதா மருந்து தரேன், இப்போதைக்கு அடங்கும். சர்க்கரை அடங்காட்டி மறுபடி வரும். உள்ளே சோப்புப் போடாதே. துணியை வெயில்ல உலர்த்து. இனிப்பே கூடாது. தினம் ஊசி போட்டுக்கணும்."

"எத்தினி நாளைக்குங்க?"

"இருக்கிற வரைக்கும்."

சூசைமேரியின் பையில், வழியில் தாகமெடுத்தால் கொடுக்கக் கற்கண்டுத் தண்ணீர் இருந்தது. ராயக்கோட்டையில் பஸ் நின்றபோது புட்டியை ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தாள்.

சனிக்கிழமை இன்னாசிமுத்து வந்தபோது, வாசல் கொடியில் ஊதாக் கறையோடு உள்பாவாடைகள் தொங்கின. தாய் சொன்னதைக் கேட்டான்.

"அப்ப மத்தூருக்குப் போவ வேணாம்" என்றான், கூரையைப் பார்த்தே. பாயைக் கிட்டே இழுக்கவில்லை.

"நான் யார்கிட்டயும் வாங்கல. ஒனக்கும் குடுக்கமாட்டேன்" என்றாள் அற்புதமேரி. "பயப்படாமத் தூங்கு."

எறும்புகள் கொஞ்ச நாள் வந்து பார்த்துவிட்டு மிட்டாய்க் கடைக்கே திரும்பின. கடைக்காரர் நிம்மதியானார். கற்கண்டு கரைத்த அதே சொம்பில் தினமும் காலையில் ஊசியைக் கொதிக்கவைத்தாள் சூசைமேரி. மருமகளின் முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள்.