வாழைக்கு ஊற்றிய தண்ணீர்

பரிமளம் அக்காவின் கிணற்றில் சிவப்புத் தண்ணீர் வந்தபோது பழி முழுக்க என் தலையில்தான் விழுந்தது. புளியங்கூடல் தும்புத் தொழிற்சாலையில் சாயக் கொட்டிலுக்குப் பொறுப்பு நான்தானே. பனை நாரான தும்புக்குச் சாயம் காய்ச்சிய கழிவை அக்காவின் வேலிக்கரையில் வெறும் நிலத்தில் வெட்டிய குழிக்குள் விடச் சொன்னது நிருவாகம். ஆனால் வாளியும் கையுமாக அக்கா வந்து நின்றது, ஜெனீற்றாவாகிய என் முன்னால். தோய்த்துக் கட்டிய அவருடைய வெள்ளைச் சீலை ரோசா நிறமாகியிருந்தது. உண்மையைச் சொன்னால் அது அவருக்கு வடிவாகத்தான் இருந்தது. சொல்ல வாய் உன்னியது, அடக்கிக்கொண்டேன்.

அந்த ஒழுங்கை வீடுகளுக்குள் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் அக்காவின் கிணற்றில் மட்டும்தான். மற்றதெல்லாம் உவர். சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து, கிணறு சுத்தமாகும்வரை சாயக் கொட்டிலைப் பூட்டச் சொன்னார். போர் ஓய்ந்து, பாதை திறந்து, கொழும்பிலிருந்து தும்புக்கு ஓடர் வரத் தொடங்கிய காலம் அது. கொட்டில் திறக்காவிட்டால் எங்கள் பெண்கள் அத்தனை பேரும் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

பரிமளம் அக்கா தன் தீர்ப்பை வேலிக்கு மேலால் சொன்னார்.

"என்ரை கிணத்துத் தண்ணியிலை நான் தேத்தண்ணி குடிச்சாப் பிறகுதான் உங்கடை அடுப்பு எரியும். அதுக்கு முந்திப் புகை கண்டனெண்டால் வேலியைப் பிச்செறிஞ்சு போடுவன்."

மனேச்சர் விநாயகமூர்த்தி நல்ல மனிசன், பயந்த மனிசன். குழியைத் தோண்டி, சாயம் ஊறிய மண்ணைப் பீப்பாய்களில் அடைத்து அனுப்பினார். கழிவுக்குச் சீமெந்துத் தொட்டி கட்டினார். பம்பு வைத்து ஒரேயடியாக இறைப்போமா என்று அவர் கேட்டபோது எல்லோரும் அவர் மேல் பாய்ந்தோம். தீவில் கிணற்றை வற்ற இறைத்தால் அடியிலிருந்து கடல் வந்துவிடும். ஆகவே துலாவால் ஆறுதலாக, கொஞ்சங்கொஞ்சமாக இறைத்து, தும்பு காயப்போடும் சீமெந்துத் தளத்தில் வரம்பு கட்டி ஊற்றி வெயிலில் வற்றவிடுவது என்று முடிவானது. வற்றியபின் மிஞ்சும் சாயப் பொடியைக் கூட்டி அள்ளலாம்.

இறைத்தோம். பின்னேரம் தண்ணீர் தெளியும். விடிந்தால் திரும்பவும் ரோசா. மாதக்கணக்கில் இதே கூத்து. நாங்கள் களவாகச் சாயம் காய்ச்சுகிறோம் என்று அக்கா மனேச்சரிடம் முறையிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேலையும் இல்லை, கள்ளப் பட்டம் வேறு.

ஒரு மத்தியானம் கிணற்றுக்கட்டில் குனிந்து பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ஒரு பக்கத்துக் கல்லிடுக்கால் சிவப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. நேர் மேலே அக்காவின் வாழைகள் நின்றன. மழை கண்டு எத்தனையோ மாதம், வாழையடியோ சேறு.

"அக்கா, இறைச்ச தண்ணியை வாழைக்கே ஊத்தினீங்கள்?"

அக்கா கொஞ்சமும் அசையவில்லை.

"நல்ல தண்ணியைச் சீமெந்திலை காயவிட எனக்கு மனம் வரேல்லை, பிள்ளை. சிவப்பெண்டாலும் தண்ணிதானே. அப்ப அந்த முருங்கைக்கு ஊத்தினது ஆர்?"

திரும்பிப் பார்த்தேன். நிலத்தைப் பார்த்தாள், என்னோடு இறைக்கும் மேரிஜோசப்பின். தென்னையடியும் ஈரம். அது மனேச்சரின் கைங்கரியம். போகிற வழியில் ஆளுக்கொரு வாளி. குளித்த தண்ணீரையும் பாத்தி கட்டி மரத்துக்கு விடுகிற சனம் நாங்கள். மேலே நாலு விரல் மண், கீழே ஓட்டைக் கல். ஊற்றியதெல்லாம் இரவோடிரவாகத் திரும்பக் கிணற்றுக்கே போயிருக்கிறது. முதலில் சிரித்தது பரிமளம் அக்காதான். பிறகு எங்களில் ஒருவருக்கும் அடக்க ஏலாமல் போயிற்று.

ஆனால் சாயம் ஊறிய அந்த மண்ணையும் தோண்டி அள்ள வேண்டியிருந்தது. குலை தள்ளி நின்ற வாழையை அக்கா தன் கையாலேயே வெட்டினார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாளிக்கும் காவலாக ஒரு ஆள் தளம்வரை கூடவே போனார். ரோசா வெளிறி, வெறும் நிழலாகி, ஒருநாள் இல்லாமலே போனது. போத்தலில் அடைத்துப் பட்டணத்துக்கு அனுப்பிய தண்ணீரைச் சோதித்து, குடிக்கலாம் என்று பரிசோதகர் வந்து சொன்னார்.

அடுத்தநாட் காலை அக்கா தேநீர் ஊற்றினார். முதலில் என்னைக் குடிக்கவைத்து, நான் விழாமல் நிற்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் தான் குடித்தார். கோப்பையை என்னிடம் நீட்டினார். கோப்பைகளைக் கழுவத் தண்ணீர் அள்ளினேன். வாளியில் பாதி மிஞ்சியது. அதைத் தூக்கிக்கொண்டு என் கால்கள் தம்பாட்டில் சீமெந்துத் தளத்தை நோக்கி நடந்தன.

"எங்கை கொண்டுபோறீர்?"

நின்றேன்.

"இஞ்சை கொண்டாரும்."

புது மண் போட்ட இடத்தில் ஒரு சின்ன வாழைக்குட்டி நட்டிருந்தார். அதைக் காட்டினார். ஊற்றினேன். மண் உறிஞ்சுவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இனிப் போய் அடுப்பை மூட்டும்" என்றார்.

வாளியை அப்படியே வைத்துவிட்டு வேலியை நோக்கி ஓடினேன். அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"நில்லும் பிள்ளை. அடியிலை இன்னும் கிடக்கு, அதையும் ஊத்திப்போட்டுப் போம்."