எல்லைக் கொடியும் வெடிக் கொடியும்

சுரங்கத்துறை அதிகாரியம்மா காலையில் வந்து, குவாரிக்கு அரசு அனுமதித்த எல்லை நெடுகச் சிவப்புக் கொடிகளை நட்டார். அதைத் தாண்டி ஒரு கல் பெயர்த்தாலும் உரிமம் ரத்து என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் முதலாளி காறித் துப்பினார். "யார்கிட்ட வேலையைக் காட்டுறா! வண்டியை எடுடா. கொடியோட சேத்து வாரி எறி."

வெடிமருந்துக் கிடங்கிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த வெடிக்காரர் அதைக் கேட்டதும் ஓடி வந்தார். அந்த வரிசையில் அவர் கொடியும் ஒன்று நின்றது. நேற்று வெடிக்காமல் போன குழி. மருந்து உள்ளேயே இருந்தது. அப்படிப்பட்ட குழிக்குச் சிவப்புக் கொடி நடுவது அவர்கள் தொழில் வழக்கம். எது எல்லை, எது வெடி என்று இப்போது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மண்வாரி எந்திரத்தில் ஏறியிருந்தவரோ அவருடைய தங்கை புருஷன்.

"மாப்ளே, இறங்கு! அது என் கொடி!"

எந்திர இரைச்சலில் அது எங்கே கேட்கும்? முதலாளிக்குத்தான் கேட்டது, அதுவும் கோணலாக.

"உன் கொடியா? அரசாங்கம் எப்படா உனக்கு மாமியார் வீடாச்சு?"

அடியாட்கள் இருவர் பாய்ந்தார்கள். முதல் குத்தில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் பல் தொண்டைக்குள் போயிற்று. "வெடி" என்று சொல்ல வாயைத் திறந்தால் ரத்தம்தான் கொப்பளித்தது. ஒருவன் முழங்கையால் கழுத்தை நெரித்தான். எந்திரம் கொடிகளை ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டு நகர்ந்தது.

வெடிக்காரர் அந்தக் கையைச் சதை பிய்யக் கடித்தார். பிடி விட்டதும் ஓடினார். கையில் அகப்பட்ட கல்லை எடுத்து, குறி பார்த்து வீசினார். எந்திரத்தின் முன்கண்ணாடி நொறுங்கி மாப்பிள்ளையின் நெற்றி பிளந்தது.

மாப்பிள்ளை எந்திரத்தை நிறுத்திவிட்டு வெறிபிடித்தவர் போல ஓடி வந்தார்.

"என் மண்டையைப் பொளந்துட்டு உன் தங்கச்சி மூஞ்சில எப்படி முழிப்ப மச்சான்?"

வயிற்றில் ஓங்கி உதைத்தார். வெடிக்காரர் அந்தக் காலை இறுகக் கட்டிக்கொண்டார். உதைக்க உதைக்க விடவில்லை. விட்டால் மறுபடி போய் ஏறிவிடுவாரே.

"மாமன் மச்சான் சண்டையை வீட்ல வச்சுக்குங்கடா," என்று முதலாளி சிரித்தார். "நானும் இதே வண்டி ஓட்டிப் பிழைச்சவன்தான்." தாமே ஏறி உட்கார்ந்தார்.

வெடிக்காரர் ஒரு கையைத் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். கெஞ்சுகிறான் என்று நினைத்து முதலாளி இன்னும் வேகமாக விட்டார்.

பூமி எகிறியது. கல்லும் இரும்பும் மழையாய்க் கொட்டின. புழுதி அடங்கியபோது எந்திரம் கவிழ்ந்து எரிந்துகொண்டிருந்தது. முதலாளியின் கை மட்டும் தனியே, விசைக்கம்பியைப் பிடித்தபடி கிடந்தது.

மாப்பிள்ளை குனிந்து வெடிக்காரரைப் பார்த்தார்.

"மச்சான்... அது உன் கொடியா?"

வெடிக்காரர் ஆமென்று தலையை ஆட்டினார். காலை மட்டும் இன்னும் விடவில்லை.