மூன்றாவது காபி

எனக்கு வாய் ஜாஸ்தி. திராவ்னிக் ஊரில் எங்கள் தெரு முழுக்க அது தெரியும். நியாயம் மட்டும் என் பக்கம் இருந்துவிட்டால், எதிராளி ஒப்புக்கொள்ளும் வரை விடமாட்டேன். அந்தக் குணத்தால்தான் என் ஓரகத்தி ரஸியா ஆறு வாரம் என்னோடு பேசாமல் இருந்தாள்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு இருபது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் மாடியில், நான் கீழே. அன்று மதியம் இறங்கி வந்தாள். எங்கள் பக்கம் வந்தவர்களுக்கு முதலில் ஒரு காபி, பேச்சுக்குத் துணையாக இன்னொன்று. மூன்றாவது வந்தால் 'கிளம்பு' என்று அர்த்தம், வாயால் சொல்லவே வேண்டாம். எனக்கோ இரண்டு மணிக்குச் செருப்பு ஆலையில் ஷிப்ட். ரஸியா குடைமிளகாய் விலையைப் பேசினாள், பக்கத்து வீட்டுப் பூனையைப் பேசினாள், மறுபடி குடைமிளகாய்க்கு வந்தாள். மூன்றாவது காபியை அவள் முன்னால் வைத்தேன். தொடாமல் எழுந்து போய்விட்டாள்.

அதன் பிறகு படிக்கட்டில் மடக்கி மடக்கி விளக்கம் சொன்னேன்.

"ஷிப்டுக்கு நேரமாச்சுக்கா. நானா வேணும்னு வெச்சேன்? நீங்களே சொல்லுங்க, இதுல என் தப்பு என்ன?"

"ஒன் தப்புன்னு நான் எப்ப சொன்னேன்?" என்று கதவைச் சாத்தினாள். நான் விளக்க விளக்கக் கதவை இன்னும் பலமாகத்தான் சாத்தினாள்.

"விடு மெவ்லிதா, கோபம் ஆறினா தானா வருவா" என்றார் என் வீட்டுக்காரர் ஃபிக்ரத். அவருக்கென்ன, கால்பந்து பார்க்கப் போய்விட்டார்.

குளிர்காலத்துக்காகக் குடைமிளகாய் சுட்டுத் தோல் உரித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ரஸியா சந்தைப் பக்கமே போகமாட்டாள், எல்லாம் அவள் புருஷன்தான் வாங்குவார். விலை பேசவா அவள் கீழே இறங்கி வந்தாள்? வேறு எதையோ சொல்ல வந்து, சொல்ல முடியாமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு மாடியேறினேன். ஷிப்ட் என்ற வார்த்தை இன்று என் வாயில் வரக்கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டேன்.

"என்ன, மகாராணிக்கு இன்னிக்கு வேலை இல்லியா?" என்றாள் ரஸியா, அடுப்பைத் துடைத்தபடி.

நாக்கு நுனி வரை பதில் வந்தது. விழுங்கினேன்.

"கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தியே. தெருநாயைக்கூட அப்படித் துரத்த மாட்டாங்கடி."

"ஆமாக்கா. மனசு வலிச்சிருக்கும்."

அவள் கை நின்றது. வழக்கம்போல நான் சண்டைக்கு வருவேன் என்று காத்திருந்தாள்.

"அன்னிக்கு எதையோ சொல்ல வந்தீங்க. நான் கேக்கல. இப்ப சொல்லுங்க, நான் போகமாட்டேன்."

அடுப்பு துடைத்த துணியை ஓரமாக வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பின் ஓரத்தில் வைத்தாள். விரலுக்கடியில் கெட்டியாக ஒன்று இருந்தது.

"சரயேவோ ஆஸ்பத்திரியில சதை எடுத்துப் பாக்கத் தேதி குடுத்திருந்தாங்க. தனியா போகப் பயமா இருந்துச்சு. ஒன்னைக் கூப்பிடலாம்னுதான் வந்தேன்."

"தேதி என்னிக்குக்கா?"

"அது போய் அஞ்சு வாரமாச்சு. நான் போகல."

'அடிப்பாவி, இதைச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா!' என்று கத்தத் தோன்றியது. கத்தியிருந்தால் அதுவும் நியாயமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவள் அந்தத் தேதியில் மாடியில் தனியாகப் பயந்துகொண்டிருந்தபோது, நான் கீழே என் நியாயத்தை எண்ணி எண்ணிக் கொதித்துக்கொண்டிருந்தேன்.

"பயமா இருக்காக்கா?"

"இருக்குடி."

"எனக்கும் இருக்கு. போனை எடுங்க."

ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். ரஸியா அதற்குள் தலையாட்டி மறுத்தாள், முதலில் மிளகாயெல்லாம் சுட்டு முடியட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். நான் வாதாடவில்லை. அவள் பையை எடுத்து, மருத்துவச் சீட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்து, அவள் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவள் அழுது முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

"எத்தனை மணி பஸ்ஸுடி?" என்று கேட்டாள்.